சிவப்பு டேப் சுற்றிய ப்ரோப்

அந்தக் கம்பெனியில் எல்லாரும் அவரை மேதை என்றுதான் சொன்னார்கள். முதலில் யார் அப்படிச் சொன்னது என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு அவர் ஒரு தடவைகூடக் கூச்சப்பட்டதில்லை என்பது எல்லாருக்கும் நினைவிருந்தது. கிண்டலுக்கு வைத்த பெயரை ஒருவர் பட்டமாக வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டுவிட்டால், கிண்டல் செய்தவர்கள் என்னதான் செய்வார்கள்? அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

மேதையின் தொழில், மின்சாரத்தை நறுக்குவது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை அப்படியே நுட்பமான கருவிகளுக்குள் விட முடியாது. அடக்கி, அளவாக்கி, பதமாக்கித்தான் அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் அதற்கு இரும்பும் செம்புமாக ஒரு கனத்த பெட்டி இருந்தது. காலில் விழுந்தால் ஒரு வாரம் லீவு போடலாம். இப்போதைய முறை வேறு. ஒரு டிரான்சிஸ்டர் கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கான தடவை மின்சாரத்தை மூடித் திறந்து பொடிப்பொடியாக நறுக்கும். காயில் என்கிற ஒரு செம்புக் கம்பிச் சுருள் அந்தப் பொடிகளைச் சேர்த்துச் சீராக ஊற்றும். நறுக்கும் வேகம் கூடக்கூடக் காயில் சிறுக்கும், பெட்டி சுருங்கும். ஊரில் உள்ள மற்றவர்கள் விநாடிக்கு ஒரு லட்சம் தடவை நறுக்கித் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மேதை இருபது லட்சம் தடவை நறுக்கினார். பெட்டி உள்ளங்கையில் அடங்கியது.

அந்தப் பெட்டி போய் உட்கார வேண்டிய இடம், பல் மருத்துவர்கள் நோயாளியைச் சாய்த்துப் போடுகிற நாற்காலியின் அடிப்பாகம். அங்கே ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு இடம். பெட்டி சிறுத்தே ஆக வேண்டும் என்று நாற்காலி கேட்கவில்லை, பல் மருத்துவர் கேட்கவில்லை, வாயைப் பிளந்து கிடக்கிற நோயாளியும் கேட்கவில்லை. மேதை கேட்டார். உள்ளங்கையில் பெட்டியை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ள முதலாளிக்கும் பிடித்திருந்தது. அப்படித்தான் அந்த வேலை ஆரம்பமாயிற்று.

மேதைக்கு இன்னொரு நாற்காலியும் குறி. தலைமை வடிவமைப்பாளர் ஓய்வு பெற்றுப் போய், மாடி மூலை அறை காலியாக இருந்தது. இரண்டு பக்கமும் ஜன்னல், சாயும் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகைக்கான வெற்று இடம். முதலாளி மழுப்பாமல் சொல்லிவிட்டார். "நாற்காலி செய்யற பல் கம்பெனிக்காரங்க பாத்துட்டு சரின்னா அந்த ரூம் உங்களுது. இல்லேன்னா உங்க மச்சினனுக்கு."

மச்சினன், மேதையின் மனைவிக்குத் தம்பி. அதே கம்பெனியில் பக்கத்துப் பிரிவு. அங்கே நிதானமாக நறுக்குகிற பெரிய பெட்டிகளைச் செய்தார்கள். அவை பார்க்க லட்சணமாக இருக்காது, கெட்டும் போகாது. அதனாலேயே அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மச்சினனுக்கு அதில் வருத்தமில்லை. பேச வேண்டியதை அவனே எல்லாரைப் பற்றியும் பேசிக்கொள்வான்.

மேதை அந்த மூலை அறைக்கு ஏற்கெனவே இரண்டு தடவை போய் ஜன்னல் திரைக்கு அளவெடுத்துவிட்டு வந்திருந்தார்.

தன்னிடம் கைராசி இருக்கிறது என்று மேதை நம்பினார். காரணம் இல்லாமல் இல்லை. அவர் ஊரில் இல்லாத நாட்களில் அந்தப் பெட்டியைப் போட்டால் விளக்கு மினுக்கும், ஒரு மாதிரி உறுமும், பிறகு புகை. அவர் வந்து மேஜை முன்னால் உட்கார்ந்து தொட்டால், தூங்குகிற குழந்தை மாதிரி சத்தமே இல்லாமல் ஓடும். மற்றவர்கள் அவர் இல்லாதபோது எரித்த டிரான்சிஸ்டர்களை ஒரு கண்ணாடிக் குப்பியில் சேர்த்து, "முரட்டுக் கைகளின் நினைவாக" என்று சீட்டு ஒட்டி மேஜையில் வைத்திருந்தார்.

அவர் தொடுகிற விதத்துக்கு ஒரு முறை இருந்தது. ஸ்கோப் என்கிற கருவியின் திரையில் மின்சாரத்தின் அலையைப் பார்க்க, பேனா மாதிரி முனையும் நீண்ட வயருமாக ப்ரோப் என்று ஒன்று உண்டு. மேதையிடம் தனக்கென்று ஒரு ப்ரோப் இருந்தது. அடையாளத்துக்குச் சிவப்பு டேப் சுற்றியது. வீட்டுக்குப் போகும்போது அதை டிராயரில் பூட்டிவிட்டுப் போவார். காலையில் வந்ததும் அதன் முனையைக் கட்டுப்பாட்டுச் சிப்பின் ஒரு குறிப்பிட்ட காலில் மாட்டுவார். டிரான்சிஸ்டர் வழியாக எவ்வளவு மின்சாரம் போகிறது என்று சிப் கேட்டுக்கொள்கிற கால் அது. சிப்பின் காது என்று வைத்துக்கொள்ளலாம். "அதுதான் இதயம். அதை வேற யாரும் தொடக் கூடாது" என்று உத்தரவு. காதை இதயம் என்று சொல்கிறாரே என்று யாரும் திருத்தவில்லை. தொடவும் இல்லை. ஆக, அந்தக் காலில் ப்ரோப் மாட்டியிருக்கும் நேரமெல்லாம் மேதை பக்கத்தில் இருந்தார்; மேதை பக்கத்தில் இருந்த நேரமெல்லாம் ப்ரோப் மாட்டியிருந்தது. பெட்டி ஓடியதற்கு இந்த இரண்டில் எது காரணம் என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். மேதைக்கு வரவில்லை. கண்ணாடி முன்னால் நிற்கிறவனுக்குக் கண்ணாடி தெரிவதில்லை.

ஆய்வகச் சுவரில் கம்பெனி செலவில் ஒரு பலகை மாட்டியிருந்தார். "ஊன்றுகோல் இல்லாத வடிவமைப்பு." மின்சாரத்தின் இரைச்சலை அடக்கவும், துள்ளலைத் தணிக்கவும் மற்றவர்கள் அங்கங்கே செருகுகிற சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்களுக்கு மேதை வைத்த பெயர் ஊன்றுகோல். சரியாக வடிவமைக்கத் தெரிந்தவனுக்கு அது தேவையில்லையாம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஒருநாள் கூட்டத்தில், "சார், அந்தக் கால்ல ஒரு சின்னக் கெப்பாசிட்டர் போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டாள். மேதை அவளை எழுந்து நிற்க வைத்தார். "உங்க வீட்ல யாருக்காவது நடக்க முடியாதா?" என்றார். கூட்டம் சிரித்தது. முதலாளிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். மறுவாரம் அவள் மச்சினன் பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டாள்.

பல் கம்பெனியிலிருந்து ஆள் வருகிற அன்று காலை, மச்சினன் வழக்கம்போல அக்கா வீட்டில் சாப்பிட வந்திருந்தான். அவனுக்குக் காலைச் சாப்பாடும் ஓசி, அத்தான் காரில் கம்பெனிக்குப் பயணமும் ஓசி. அதற்கு வாடகையாக வாயைத் திறந்துகொண்டே இருப்பான்.

"அத்தான், ஒண்ணு சொல்லட்டுமா?"

"சாப்பிடும்போது வேணாம், மாப்ளே. எனக்கு ஜீரணம் ஆகாது."

"இன்னைக்கு அந்தச் சிவப்பு டேப் ப்ரோப் டிராயர்லயே கிடக்கட்டும். நீங்க மட்டும் பக்கத்துல நில்லுங்க. பெட்டி ஓடுதான்னு பாப்போம்."

"எதுக்கு?"

"ராசி உங்களுக்கா ப்ரோப்புக்கான்னு தெரிஞ்சுடுமில்ல."

மேதை காபியைக் கீழே வைத்தார். "நீ விநாடிக்கு ஒரு லட்சத்துல நிக்கறவன். இருபது லட்சத்துல என்ன நடக்கும்னு உனக்கு எப்படிப் புரியும்? மாட்டு வண்டி ஓட்டறவன் ராக்கெட்டைப் பத்திப் பேசற மாதிரி இருக்கு."

"மாட்டு வண்டி போய்ச் சேருது அத்தான்."

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள். "கைராசி இருக்குன்னா, அந்த வாஷிங் மெஷினையும் ஒரு தடவை தொட்டுட்டுப் போங்க. சுத்தவே மாட்டேங்குது."

"அதெல்லாம் நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்து சுத்தற சமாச்சாரம். நான் பாக்கறதில்லை."

"இப்ப அது ஒரு சுத்துகூடச் சுத்தலை. அதனாலதான் சொல்றேன்."

தம்பியும் அக்காவும் ஒரே மாதிரி சிரித்தார்கள். மேதைக்கு அந்தக் குடும்பத்தின் சிரிப்பே பிடிக்காது. கல்யாணத்தன்றே பிடிக்கவில்லை.

பல் கம்பெனியிலிருந்து வந்தது ஒரு பெண் இன்ஜினியர். நடுவயது, ஒல்லி, தோளில் ஒரு பழைய பை. மேதை, இரண்டு உதவியாளர்களோடு கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதரை எதிர்பார்த்திருந்தார். அவருக்காகவே முப்பது பக்கத்துக்கு ஒரு விளக்க உரை வைத்திருந்தார். அந்தம்மா மூன்றாம் பக்கத்திலேயே கையைத் தூக்கினாள்.

"சார், இதெல்லாம் அப்புறம் படிச்சுக்கறேன். பெட்டியைப் பாக்கலாமா?"

மூடிய உலோகப் பெட்டிகள் வரிசையாக மேஜைமேல் இருந்தன. பக்கத்தில் பல் மருத்துவரின் விளக்கும், பல் குடைகிற மோட்டாரும். முதலாளி இருந்தார், மச்சினன் இருந்தான், பிரிவு முழுக்கச் சுவரோரம் நின்றது. மூடிய பெட்டிக்குள் ப்ரோப் மாட்ட முடியாது. அதைப் பற்றி மேதை கவலைப்படவில்லை. தான்தான் பக்கத்தில் நிற்கப் போகிறாரே.

ஸ்விட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. மேதை புன்னகையோடு திரும்பினார். திரும்பி முடிப்பதற்குள் விளக்கு மினுக்கியது, மோட்டார் இருமியது, பெட்டி ஒரு முறை உறுமிவிட்டு அடங்கியது. காற்றில் எல்லாருக்கும் தெரிந்த அந்த வாசனை. கண்ணாடிக் குப்பிக்கு இன்னொரு உறுப்பினர்.

"மூடும்போது யாரோ ஸ்க்ரூவை ஜாஸ்தி முறுக்கியிருக்காங்க" என்றார் மேதை, சுவரோரம் பார்த்து. "கைப் பழக்கம் போதாது. பாருங்க மேடம், நான் நேரடியாவே காட்டறேன்."

அடுத்த பெட்டியின் மூடியைக் கழற்றினார். டிராயரைத் திறந்து சிவப்பு டேப் ப்ரோப்பை எடுத்தார். இதயத்தில் மாட்டினார். ஸ்விட்ச். விளக்கு பளிச்சென்று எரிந்தது. மோட்டார் தேனீ மாதிரி ரீங்கரித்தது. ஸ்கோப் திரையில் அலை அழகாக ஓடியது. முதலாளிக்கு மூச்சு வந்தது. மேதை கைகளைக் கட்டிக்கொண்டு, மூலை அறைக்குத் திரை நீலமா பச்சையா என்று மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்தார்.

அந்தம்மா திரையைப் பார்க்கவில்லை. ப்ரோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை எடுங்க" என்றாள்.

"எதை?"

"அந்த ப்ரோப்பை. எடுத்துட்டு நீங்க அங்கயே நில்லுங்க."

மச்சினன் கூரையைப் பார்த்தான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

மேதை ப்ரோப்பை எடுத்தார். உறுமல். வாசனை. இருட்டு.

"இன்னொரு பெட்டி இருக்கா? அதுல முதல்லயே மாட்டிட்டுப் போடுங்க."

மாட்டினார். எரிந்தது.

அந்தம்மா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "அப்ப, ஒவ்வொரு நாற்காலி கூடவும் ஒரு ஸ்கோப் குடுத்துடுவீங்களா சார்? இல்ல, நீங்களே வந்து நிப்பீங்களா?"

சுவரோரம் யாரோ தும்மினார்கள். அது தும்மல் இல்லை என்று மேதைக்குத் தெரியும்.

அந்தம்மா முதலாளியிடம், நோயாளிக்குப் பல்லைக் காட்டி விளக்குகிற மருத்துவர் மாதிரி, பொறுமையாகச் சொன்னாள். இவ்வளவு வேகமாக நறுக்கும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சொடுக்குச் சத்தம் கிளம்பும். சிப்பின் காது அதைக் கூக்குரல் என்று நினைத்துக் கலவரமாகும். நிறுத்தும், போடும், தடுமாறும், டிரான்சிஸ்டர் எரியும். ப்ரோப்புக்கென்று ஒரு துளி கெப்பாசிட்டர் குணம் உண்டு. மாட்டினால் காதில் பஞ்சு வைத்த மாதிரி. "பாக்கறதுக்கு மாட்டினது, பாத்துக்கிட்டிருக்கறதையே மாத்திடுச்சு. இந்தத் தொழில்ல எல்லாரும் ஒரு தடவை விழற பள்ளம்தான். நானும் விழுந்திருக்கேன். ப்ரோப் அளவுக்கு ஒரு சின்னக் கெப்பாசிட்டரை அந்தக் கால்ல வைங்க, மூடுங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஓடவிட்டுக் காட்டுங்க. ஓடினா நான் சீல் வெச்சுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

முதலாளியின் முகம் தெளிந்தது. "அவ்வளவுதானா? போட்டுடுங்க" என்றார் மேதையிடம், பல்பு மாற்றச் சொல்கிற குரலில்.

அவ்வளவுதான். உண்மையிலேயே அவ்வளவுதான். பக்கத்துப் பிரிவில் அந்தக் கெப்பாசிட்டர் சுருள் சுருளாகக் கிடந்தது. எள்ளைவிடச் சிறிசு, எண்ணெய்கூட எடுக்க முடியாது. யார் வேண்டுமானாலும் ஒரு வாய் காபி குடிக்கிற நேரத்தில் வைத்துவிடலாம், மேதையைத் தவிர.

ஆய்வகத்தில் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு மச்சினன் ஒரு துண்டுக் காகிதத்தில் அந்த எள்ளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

"நான் வெச்சிடட்டுமா அத்தான்? உங்களுக்குக் கண்ணு தெரியாதே."

"எல்லாம் தெரியும். நீ போய்ச் சாப்பிடு."

"கோவிச்சுக்காதீங்க. அந்தம்மாவே சொன்னாங்களே, எல்லாரும் விழற பள்ளம்னு."

"எல்லாரும் விழலாம். எல்லாரும் பலகை மாட்டிக்கல" என்று சொல்லிவிட்டு, சொன்னதைக் கேட்டு மேதையே திடுக்கிட்டார். அன்று அவர் பேசியதிலேயே உண்மையான வாக்கியம் அதுதான். மச்சினனும் அதைக் கவனித்தான் போல. வழக்கம்போல ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தால், ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான். அதுதான் மேதைக்குப் பொறுக்கவில்லை. இவன் கிண்டல் பண்ணாமல் போகிற அளவுக்கா தன் நிலைமை ஆகிவிட்டது?

இடுக்கியை எடுத்தார். கையில் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் கம்பியைப் பிடித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன; மேதைகள் பிடிப்பதில்லை. எள்ளை இடுக்கியால் பிடித்தார். அழுத்தினார். அது டிக் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு எங்கேயோ போயிற்று. மேஜையில் இல்லை. மடியில் இல்லை. முட்டி போட்டுத் தரையில் தேடினார். தூசி இருந்தது, பழைய சால்டர் உருண்டைகள் இருந்தன, எப்போதோ தொலைந்த ஒரு சட்டைப் பொத்தான்கூட இருந்தது. ஊன்றுகோல் மட்டும் இல்லை.

கதவைத் திறந்து, "மாப்ளே, இன்னொண்ணு குடு" என்று கேட்டால் முடிந்தது. மேஜைக்கடியில் நாலு காலில் நின்றபடி மேதை அதை யோசித்தார். கேட்பதுகூடப் பெரிதில்லை. வைத்தபிறகு? வரைபடத்தில் அது ஏற வேண்டும். வரைபடத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பிரிவு முழுக்கப் பார்க்கும். மாற்றல் வாங்கிப் போன அந்தப் பெண்ணும் பார்ப்பாள். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். வீட்டில் யாருக்காவது நடக்க முடியாதா என்று கேட்க மாட்டாள். கேட்காமல் பார்ப்பாள்.

எழுந்தார். முட்டியைத் தட்டிக்கொண்டார். மேஜைமேல் சிவப்பு டேப் ப்ரோப் கிடந்தது. ப்ரோப் இருந்தால் ஓடுகிறது. சரி, ப்ரோப் இருக்கட்டுமே. ப்ரோப் என்பது அளவெடுக்கிற கருவி. அது ஊன்றுகோல் இல்லை. இந்த நியாயம் தோன்றியதும் மேதைக்கு உடம்பெல்லாம் லேசானது. பெரிய மூளைகளின் விசேஷமே இதுதான்: ஒரு எள்ளை வைக்க முடியாத இடத்தில் ஒரு பாம்பை வைத்துவிடும்.

கட்டரை எடுத்தார். ஒரு முழத்துக்கு வயரை விட்டுவிட்டு மிச்சத்தை நறுக்கினார். முனையை அந்தக் காலில் பசை போட்டு நிறுத்தினார். வாலைச் சுருட்டிக் காயிலுக்குப் பக்கத்தில் திணித்தார். உள்ளங்கையில் அடங்கும்படி, ஒரு நூல் இடம்கூட வீணாக்காமல் செய்த பெட்டி அது. ஆகையால் மூடி மூட மறுத்தது. மேதை முழங்கையை ஊன்றி அழுத்தி ஸ்க்ரூவை முறுக்கினார், ஜாஸ்தியாகவே.

மத்தியானம் பெட்டி ஓடியது. விளக்கு எரிந்தது, மோட்டார் ரீங்கரித்தது, ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டாலும் அசையவில்லை. அந்தம்மா பெட்டிமேல் கை வைத்துச் சூடு பார்த்தாள்.

"போட்டாச்சா?"

மேதை தலையை ஆட்டினார். போட்டாயிற்றுதான், என்னத்தை என்று அவள் கேட்கவில்லை.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சோதனையில் தேறின பெட்டியை அங்கேயே, அப்போதே சீல் வைப்பார்கள். பின்னால் யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது. அதற்கு மாதிரிப் பெட்டி என்று பெயர். உற்பத்தி ஆரம்பிக்கிற அன்று இரண்டு தரப்பும் உட்கார்ந்து அதைப் பிரித்து, உள்ளே என்னென்ன இருக்கிறதோ அதை அப்படியே பார்த்து, அதே மாதிரிதான் எல்லாப் பெட்டியும் செய்ய வேண்டும். எதையாவது மாற்ற வேண்டுமென்றால், ஏன் மாற்றுகிறேன், முதலில் வைத்தது ஏன் தப்பு என்று வடிவமைத்தவரே எழுதிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும். மேதைக்கு இந்த வழக்கம் நன்றாகத் தெரியும். அதை எழுதிய குழுவுக்கே அவர்தான் தலைவர்.

அந்தம்மா சீல் ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டாள். முதலாளி கை தட்டினார். பிரிவு கை தட்டியது. மறுநாள் காலை மேதை மூலை அறையில் உட்கார்ந்தார். திரை நீலம். பலகையை ஆய்வகத்திலிருந்து கழற்றிவந்து தலைக்கு மேலே மாட்டச் சொன்னார்.

சில வாரம் சுகமாகப் போயிற்று. பெட்டியை யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாமா என்று ஒருநாள் சாமான் அறைவரை போய்ப் பார்த்தார். சீல் மேல் அந்தம்மாவின் கையெழுத்து அவரைப் பார்த்து இளித்தது. திரும்பி வந்துவிட்டார்.

உற்பத்திக் கூட்டத்தன்று முதலாளி, அந்தம்மா, மச்சினன், அவன் பிரிவிலிருந்து அந்தப் பெண், பெட்டிகளைக் கோக்கப் போகிற அசெம்ப்ளி லைனைப் பார்த்துக்கொள்கிற ஒரு பருத்த அம்மாள் எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். லைன் அம்மாளுக்கு ஏன் எதற்கு என்பதெல்லாம் வேலையில்லை. உள்ளே இருப்பதை அப்படியே செய்வது வேலை. அவள் சீலைக் கிழித்து, ஸ்க்ரூவைக் கழற்றி, மூடியைத் தூக்கினாள். அடங்கிக் கிடந்த வால் ஸ்பிரிங் மாதிரி துள்ளி வெளியே வந்து முதலாளியின் காபிக் கோப்பையில் விழுந்தது.

"இது என்னங்க?" என்றார் முதலாளி, வாலைக் கோப்பையிலிருந்து இரண்டு விரலால் தூக்கி.

மச்சினன் வாயைத் திறந்தான். அக்கா முகம் ஞாபகம் வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டான்.

மேதை முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. கெப்பாசிட்டர் வைக்க வேண்டிய இடத்தில் ரோஷத்தால் இதை வைத்தேன் என்று எழுதிப் படிப்பது ஒன்று. மேதை தொண்டையைக் கனைத்தார்.

"அது உயர் அதிர்வெண் கள நிலைப்படுத்தி" என்றார். "நீளமும் வளைவும் ரொம்ப யோசிச்சு வெச்சது. வெறும் கெப்பாசிட்டரால அந்த வேலையைச் செய்ய முடியாது."

அந்தப் பெண் மேதையைப் பார்த்தாள். கேட்காமல் பார்த்தாள். பிறகு குனிந்து தன் பேனாவின் மூடியைச் சரிசெய்துகொண்டாள்.

பல் கம்பெனி அம்மா வாலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நறுக்கிய நுனியைப் பார்த்தாள். முனையைப் பார்த்தாள். "மாத்தணும்னு எழுதிக் குடுக்கறீங்களா சார்? ஒரு பக்கம் போதும். கெப்பாசிட்டரைப் போட்டு மறுபடி ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கலாம்."

"தேவையில்லை."

"நிச்சயமா?"

"வடிவமைச்சவன் நான்."

"அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்லை" என்றாள் அந்தம்மா. "உங்க பெட்டி, உங்க இஷ்டம். ஓடுது, சூடாகலை. எங்க நாற்காலிக்கடியில இடம் நிறைய இருக்கு. ஆனா மூடி மூடலையே. பெட்டியைப் பெரிசு பண்ணிக்கோங்க."

பெரிதாக்கினார்கள். மச்சினன் பிரிவில் பழைய பெட்டிகளுக்கான உலோகக் கூடு தயாராக இருந்தது, அதையே எடுத்துக்கொண்டார்கள். மின்சாரத்தை விநாடிக்கு இருபது லட்சம் தடவை நறுக்கி, உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, கடைசியில் பெட்டி காலில் விழுந்தால் லீவு போடுகிற அளவுக்கே வந்து சேர்ந்தது. முதலாளி மறுபடி போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது ப்ரோப்புகள் கட்டுக் கட்டாக வருகின்றன. லைனில் இருக்கிற பெண்கள் புத்தம் புது ப்ரோப்பை உறையிலிருந்து பிரித்து, ஒரு முழம் அளந்து, நறுக்கி, மிச்சத்தைத் தொட்டியில் போடுகிறார்கள். அந்த வேலைக்கு வால் வெட்டு என்று பெயர். மூலை அறை ஜன்னலைத் திறந்தால் கீழே கட்டர்களின் சத்தம் கேட்கும். மேதை திறப்பதில்லை. வீட்டில் வாஷிங் மெஷினை மச்சினன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சரிசெய்துவிட்டான். அதைப் பற்றி யாரும் பேசாமல் இருந்ததுதான் மேதையால் தாங்க முடியாததாக இருந்தது.

முதல் கட்டுப் பெட்டிகள் கிளம்ப வேண்டிய அன்று லைன் அம்மாள் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி மூலை அறைக்கு வந்தாள். ஒரு கையில் மாதிரிப் பெட்டியின் வால், இன்னொரு கையில் புதிதாக நறுக்கிய வால்.

"ஐயா, ஒரு சந்தேகம். மாதிரியில இருக்கற மாதிரியே செய்யணும்னு வந்திருக்கு. இந்த ப்ரோப்புல சிவப்பு டேப் சுத்தியிருக்கே."

"ஆமா."

"பிரிச்சுப் பாத்தா ஒட்டு போயிடும்னு பிரிக்கலை. ரெண்டு சுத்தா, மூணு சுத்தா?"

மேதை வாலைக் கையில் வாங்கினார். அவருடைய சொந்த ப்ரோப். டேப் பழசாகி ஓரம் கறுத்திருந்தது. தலைக்கு மேல் பலகை இருந்தது. லைன் அம்மாள் முகத்தில் கிண்டல் ஏதாவது தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தார். இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. கீழே பெண்கள் காத்திருந்தார்கள்.

"மூணு" என்றார்.

"மூணு போட்டுக்கறேங்க" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.